எழுபத்து நாலு கிலோ தூக்கம்

நான் பகலில் தூங்குகிறவன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக் கையைத் துடைத்து, இரண்டு மணிக்குப் பாயில் சாய்ந்தால் நாலரைக்குத்தான் எழுவேன். முப்பத்தொரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் ராத்திரி டியூட்டி பார்த்தவன். ஊர் தூங்கும்போது மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஊர் விழித்தபின் தூங்கினேன். ரிட்டையரானதும் ராத்திரித் தூக்கத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகப் பகல் தூக்கத்தைச் சரண்டர் செய்ய வேண்டும் என்று எந்த ஆர்டரிலும் போடவில்லை.

என் மனைவி ஜெயலட்சுமி எனக்கு நேர்மாறு. பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு இந்தக் கன்னடத்து ஊரில், எங்கள் ஜீவனஹள்ளியில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு எழுபத்திரண்டு. உடம்பிலும் பொருத்தம் அப்படித்தான். நான் கொத்தவரங்காய் வற்றல். அவள் நல்ல வாட்டசாட்டமான ஆள்.

எங்கள் ஒரே மகள் சங்கமித்ரா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நூறு பேரை இன்டர்வியூ செய்கிறவளுக்குப் பெற்றவனை இன்டர்வியூ செய்வது பெரிய காரியமா? ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். வயதானவர்கள் பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் மறதி நோய் வர வாய்ப்பு அதிகமாம். நான் படித்து முடிப்பதற்குள் போனே வந்துவிட்டது.

"அப்பா, படிச்சியா?"

"படிச்சேம்மா. பாதி படிக்கும்போதே தூக்கம் வந்துச்சு."

"ஜோக் அடிக்காத. ஞாயித்துக்கிழமை நம்ப புத்த விகார் ஹால்ல பெரியவங்களுக்கு மெமரி கேம்ப் போடறாங்க. உன் பேரும் அம்மா பேரும் குடுத்துட்டேன். ரிசல்ட்டு என் போனுக்குத்தான் வரும். ரெட்டுன்னு வந்துச்சுன்னா நீ நேரா எங்க ஊட்டுக்கு வந்துடணும். எங்க அபார்ட்மென்ட்ல சீனியர்ஸ் கிளப்பு இருக்குது. பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் யோகா, கேரம், குவிஸ். படுக்கிறதுக்கு அங்க இடமே கெடையாது."

கடைசி வாக்கியத்தை ஏதோ பெரிய வசதி மாதிரிச் சொன்னாள்.

"உங்கம்மா?"

"அம்மாவுக்கு இன்னா, அது நல்லாத்தான் இருக்குது. தையலு இருக்குது. ஒரு ரூம்தான் இருக்குதுப்பா, ஒரு கட்டிலு. ஒரு ஆறு மாசம் நீ மட்டும் வா."

மகள் வீடு பதினோராவது மாடி. அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் கடுகு மாதிரித் தெரிவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கல்யாணமானதிலிருந்து ஜெயா போடாத காபியை நான் வீட்டில் குடித்ததில்லை. அவள் இல்லாத இடத்தில் ஆறு மாதம் எப்படி இருப்பது? பொய் சொல்லியாவது தப்பித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விகார் மண்டபத்தில் நல்ல கூட்டம். ஏதோ ஒரு சாப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள் சேர்ந்து நடத்துகிற முகாம். கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், கழித்தேன். ஜெயா அதையெல்லாம் என்னைவிட வேகமாகச் செய்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

கடைசி மேஜையில் வீணா என்கிற கன்னடத்து நர்சம்மா. அச்சடித்த பாரம் தீர்ந்துபோய்விட்டதாம். வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே தலைப்புகளைத் தானே எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் எழுதுகிற மாதிரி, கன்னட வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில்.

எடை மெஷினில் ஏற்றி இறக்கி, நம்பரைக் குறித்துக்கொண்டு கேட்டாள். "அஜ்ஜா, மத்தியானம் தூங்குவீங்களா?"

"ஸ்வல்பம்மா. பத்து நிமிஷம் அப்பிடியே கண்ணு அசரும்."

பின்னாலிருந்து ஜெயாவின் குரல் வந்தது. "பொய்யி சொல்லாதீங்க. ரெண்டரை மணி நேரம்மா, எழுதிக்க. கொறட்டை வேற."

வீணா சிரித்துக்கொண்டே நூற்றைம்பது நிமிஷம் என்று எழுதினாள். அடுத்து ஜெயாவை நிறுத்தி எடை பார்த்தாள்.

"நீங்க, அம்மா?"

"பகல்லயா? ஜீரோ." அதைச் சொல்லும்போது ஜெயாவுக்கு ஒரு ராஜகம்பீரம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெட்டியில் எந்தச் சட்டையை எடுத்து வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை காலையில் சங்கமித்ரா வீடியோ காலில் வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அப்பா, உனக்குப் பச்சை. பகல் தூக்கம் நாப்பத்தெட்டு நிமிஷம், நடை நூத்தம்பது நிமிஷம். நம்ப ஏரியாவுலியே நீதான் பஸ்ட்டாம். சண்டே உனக்குச் சால்வை போடறாங்க."

"நடையா?" என்றேன். தெருமுனைப் பால் பூத்துக்கே நான் ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்கிறவன்.

"அம்மாவுக்குத்தான் ரெட்டு. மெமரி டெஸ்ட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா பகல் தூக்கம் எழுவத்து நாலு நிமிஷம், நடை ஜீரோன்னு போட்டிருக்குது. ஹை ரிஸ்க்காம். அம்மா, நீ தூங்குறியா? ஏன் எங்கிட்ட மறைச்ச? சண்டே நானே வந்து உன்ன எங்க ஊட்டுக்குக் கூட்டினு போறேன்."

ஜெயா கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

விஷயம் புரிய எனக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. நாற்பத்தெட்டு என்பது என் எடை. மெஷினில் முள் நின்ற இடத்தை நானே பார்த்தேன். எழுபத்து நாலு ஜெயாவின் எடை. கன்னடத்தில் எடைக்குப் பெயர் தூக்கா. வீணா தாளில் எழுதிய தலைப்பு அது. தூக்கத்துக்கு அவர்கள் வார்த்தை நித்தெ. தாளை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கம்பெனிப் பையன் சரவணன் நாமக்கல்காரன். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவனுக்குத் தெரிந்த ஒரே கன்னடம், கன்னடம் தெரியாது என்று சொல்வது. தூக்கா என்பதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டான். நித்தெ என்பதை அந்த இங்கிலீஷ் எழுத்தில் நடை என்று வாசித்துவிட்டான். நான் தூங்கிய நூற்றைம்பது நிமிஷத்தையும் நடக்க வைத்துவிட்டான், மகராசன்.

சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் ரிசல்ட் வந்துவிட்டது. ஒல்லியாக இருந்தவர்கள் எல்லாம் சுறுசுறுப்பு, பருமனாக இருந்தவர்கள் எல்லாம் தூங்குமூஞ்சி. எவனெவன் அதிகம் தூங்கினானோ அவனவன் அதிகம் நடந்தான். எங்கள் தெருவில் தொண்ணூற்றாறு கிலோ மதலைமுத்து, பாவம், தூக்கமே வராத வியாதிக்காரர். அவரை மத்தியானம் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் மனைவி மௌரீனுக்கு மெசேஜ் போயிருந்தது. அந்தம்மா கையில் ஒரு தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்க வேண்டும்? வலிய வந்த சால்வை. "எங்க சார் இவ்ளோ தூரம் நடக்கிறீங்க?" என்று கேட்டவர்களிடம், "கம்மனஹள்ளி சுத்திட்டு வருவேன்" என்றேன். ஒருவர் காலையில் என்னோடு சேர்ந்து வருவதாகச் சொன்னார். என் வேகத்துக்கு அவரால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் முழுக்க எனக்கு ஒரே குஷி. ஜெயாவும் இதைச் சும்மா விடமாட்டாள், முகாம்காரர்களிடம் போய்ச் சண்டை பிடிப்பாள், தானாக உண்மை வெளியே வரும், அதுவரை அனுபவிப்போம் என்று நினைத்தேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் பாயை விரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் தூங்குறேனா?"

"நீயா? நீ எங்க தூங்குற?"

"அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்? அந்த நேரத்துல நீங்கதான் தூங்கிட்டு இருக்கீங்களே."

இந்த வீட்டில் அவள் விழித்திருந்ததற்கு ஒரே சாட்சி நான்தான், அந்தச் சாட்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுது தப்பா இருந்தா என்னுதும் தப்பாவா இருக்கணும்? எங்கக்காவுக்கும் இப்பிடித்தான் ஆச்சு" என்றாள். அவளுடைய அக்கா ஒக்கலிபுரத்தில் இருந்தவள். கடைசி இரண்டு வருஷம் யாரையும் தெரியாமல், சொந்தத் தங்கையையே "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுக் கேட்டுச் செத்துப்போனாள். "மொதல்ல அவளுக்கும் தெரியாது. அடுப்பு மேல பால வெச்சிட்டு உக்காந்த எடத்துலயே தூங்கிடுவா. கேட்டா, நான் எங்கடி தூங்குனேன்னுவா. இன்னிக்கு ஒரு நாளு நீங்க தூங்காம என்னைப் பாத்துக்கினு இருங்க. நான் தைக்கிறேன். தூங்கினா சொல்லுங்க."

சரி என்று நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். மெஷின் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அது எனக்குத் தாலாட்டு. கண்ணைத் திறந்தபோது நாலு மணி. ஜெயா என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் தூங்கினேனா?" என்று கேட்டாள்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பதினோராவது மாடியும் வந்தது. இரண்டில் ஒருவர் போயாக வேண்டும். சொன்னால் நான் போக வேண்டும். "இல்லியே" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் நின்றுகொண்டே துணி வெட்டினாள். உட்காரப் பயம். விரல் நுனியெல்லாம் ஊசியால் குத்திய புள்ளிகள். தூக்கம் வந்தால் விரட்ட அவளே குத்திக்கொண்டது. சனிக்கிழமை பையில் நாலு புடவையை அடுக்கினாள். பிறகு ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள். மோட்டார் சுவிட்ச் எது, என் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில், காபிக்கு எத்தனை கரண்டி டிகாக்ஷன். எழுதிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"இப்பவே எழுதிட்டேன். அப்புறம் எனக்கு நெனப்பு இருக்குமோ இல்லியோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காமல் பின்பக்கம் போய் முகம் கழுவினேன். உலகத்தில் எத்தனையோ அயோக்கியன் இருப்பான். தூங்குவதற்காகப் பெண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஜெயா, மடியில் பை. பக்கத்தில் சங்கமித்ரா, கையில் கார் சாவி. விழா முடிந்ததும் நேராகப் பொம்மசந்திரா. சரவணன் மைக்கைப் பிடித்தான்.

"ஐயாவுக்கு எழுவத்திரண்டு வயசுங்க. தெனமும் ரெண்டரை மணி நேரம் நடக்கறாருங்க. நம்மால எல்லாம் ஆகாதுங்க!"

கைதட்டினார்கள். சால்வை விழுந்தது. நான் மைக்கை வாங்கினேன்.

"தம்பி, அந்த நர்சம்மா எழுதின தாளுல தூக்கான்னு இருந்துச்சு இல்ல, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"தூக்கமுங்க" என்றான் பளிச்சென்று.

மண்டபத்தில் முதலில் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது. கன்னடம் தெரிந்த சனம்தானே எல்லாம். வீணா எழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ ராமா! தூக்கா அந்த்ரே வெயிட்டு! நித்தெதான் தூக்கம்! நீ எடைய எங்க போட்ட?"

"எடை எழுதவே மறந்துட்டீங்களாட்டம் இருக்குதுன்னு காலியா உட்டுட்டனுங்க" என்றான் சரவணன். பாவம், அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

மதலைமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "டேய், நாலு நாளா இவ என் காதுல தட்டு அடிக்கிறாடா!" மௌரீன் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்றைக்கும் அந்த மனிதர் தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார்.

"நான் நடக்கிறவன் இல்ல" என்றேன் மைக்கில். "தூங்குறவன். ரெண்டரை மணி நேரம். என் சம்சாரம் தூங்குறதே இல்ல. அது ஒடம்புக்கும் மூளைக்கும் ஒண்ணுமில்ல." சால்வையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

சங்கமித்ரா ஓடி வந்தாள். "அப்போ ரெட்டு உனக்குத்தானா? அப்பா, நட. பையில உன் துணிய எடுத்து வெய்யி."

வீணாதான் குறுக்கே வந்தாள். "மேடம், சும்னிரி, சும்மா இருங்க. தூங்கினாலே ஞாபகம் போயிடும்னு யாரும் சொல்லல. ஒரு மணி நேரத்துக்கு மேல போனா கொஞ்சம் கவனிங்கன்னு சொல்றாங்க, அஷ்டே. கொறைச்சிக்கட்டும். திடீர்னு தூக்கம் அதிகமானா டாக்டரைப் பாக்கட்டும். அஜ்ஜா டெஸ்ட்டெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்காரு."

ஜெயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை இன்னும் மடியில்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"புதன்கெழமை."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. அந்த விரல்களில் ஊசிப் புள்ளிகள். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் திட்டக்கூட இல்லை. எழுந்து பையை என் கையில் கொடுத்தாள்.

"யாரும் எங்கியும் போவல" என்று மகளிடம் சொன்னாள். "அவரு இனிமே ஒரு மணி நேரம்தான் தூங்குவாரு. மீதி ஒண்ணரை மணி என்னுது."

"உனக்கு எதுக்கும்மா? நீதான் தூங்கவே மாட்டியே."

"நாலு நாளா நான் தூங்குறேன் தூங்குறேன்னு ஊரே சொல்லிச்சு. ஒரு நாளாவுது தூங்கிப் பாக்கிறேன்."

திங்கட்கிழமை மூணு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினாள். நான் எழுந்த பாயிலேயே படுத்தாள். மெஷின் மூடி போட்டிருந்தது. கொஞ்ச நேரம் புரண்டாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி. பிறகு வாய் லேசாகத் திறந்துகொண்டது. பகலில் அவள் தூங்கி நான் விழித்துப் பார்த்தது கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தூங்கும்போது அவளுக்கு வயது தெரிந்தது. மனசு என்னவோ போல ஆகிவிட்டது. நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"சொப்பூ! மெந்தய சொப்பூ! தண்டு சொப்பூ!"

கீரைக்காரம்மா தள்ளுவண்டியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். எட்டுத் தெருவுக்குக் கேட்கிற குரல். நான் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினேன். "யம்மா, மெதுவா! உள்ள தூங்குறாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் முழிச்சிக்கினு இருக்கீங்களே. அப்புறம் யாரு தூங்குறது?"

"என் சம்சாரம்."

"அம்மாவா!" வாயில் கை வைத்துக்கொண்டாள். குரல் தானாக இறங்கிவிட்டது. "இருவது வருஷமா இந்தத் தெருவுல ரெண்டு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும் நான் வாயத் தொறந்ததில்ல அய்யா. தொறக்க உடாது அந்தம்மா. மெஷினை உட்டுட்டு முனைக்கே ஓடி வந்து நிக்கும். அவரு ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்காரு, சும்னிருன்னும். எனக்கு முன்னால எங்கம்மா வண்டி தள்ளுச்சு, அதையும் இப்பிடித்தான் நிறுத்தும். ரிட்டேர் ஆயிட்டாருன்னு அப்புறம் யாரோ சொன்னாங்க. அப்பவும் உடல. இன்னிக்கு அம்மா முனையில இல்லியேன்னுதான் கூவிட்டேன்."

மெந்தயக் கீரை ஒரு கட்டு எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனாள்.

நான் அந்தக் கட்டோடு நின்றேன். எங்கள் தெரு மத்தியானத்தில் தானாகவே அமைதியாக இருக்கிற தெரு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நல்ல தெரு, நல்ல ஜனங்கள், எனக்கு நல்ல தூக்கம் என்று கண்டவரிடமெல்லாம் பெருமையும் பேசியிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜெயா புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அதற்குள் தெருமுனையில் பழைய பேப்பர்காரன் வாயைத் திறந்தான். கீரைக் கட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் நான் ஓடினேன்.